முன்னட்டைக்குப் பின் ஒரு வெள்ளைப் பக்கம்

சுற்றுகிறது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், வாய் மூடாத வட்டம், சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து சுற்றுகிறது, திருத்தங்கல் தாண்டியும் சுற்றுகிறது. காலை நாலரைக்குத் திறந்ததே, ஆறு மணிக்கு டீக்கடையில் திறந்ததே, இப்போது மட்டும் என்ன கேடு. இதோ, திறந்துவிட்டது. முன்னட்டை. கொடைமலர். கீழே பொடி எழுத்தில் இருபது குடும்பங்களின் நினைவு நூல். விரலால் தள்ளினால் வெள்ளைப் பக்கம், அடுத்து முதல் முகம், அடுத்து முதல் கடிதம். சரியாகத்தான் இருக்கிறது. போனின் அகலத்துக்கு ஒட்டி நிற்கிறது, எந்தப் பக்கமும் வெட்டவில்லை, எழுத்து பெரிதாகப் படிக்கும்படி இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்வது இது எத்தனையாவது முறை. சரியாக இருக்கிற ஒன்றை எவன் பதினைந்து முறை திறந்து பார்ப்பான். ராத்திரி ஷிப்ட் முடித்தவன் பஸ்ஸில் ஏறினால் வாய் பிளந்து தூங்க வேண்டும், எனக்குத் தூக்கம் கண்ணுக்குப் பின்னால் மணல் மாதிரி கிடக்கிறது, உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. பத்தரைக்கு விழா. மதுரையில், உறுப்பு தான அறக்கட்டளையின் சொந்த ஹாலில். இருபது குடும்பமும் வரும். மேடையில் பெரிய திரை கட்டி, கம்ப்யூட்டரில் அறக்கட்டளையின் வலைப்பக்கத்தைத் திறந்து, அதற்குள் நான் பதித்து வைத்திருக்கிற இந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்களாம். பெர்னதெத் மேடம் சொன்னார்கள். அறக்கட்டளையில் எல்லாம் அவர்கள்தான். "தவசி சார், நீங்க முன் வரிசையில உக்காரணும், நீங்க வேலை செஞ்சவரா வரல, குடும்பமா வர்றீங்க" என்றார்கள். குடும்பமா. நான் ஒருத்தன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா மடியில் மிக்ஸியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஜாடி இல்லாத மிக்ஸி, வயர் தொங்குகிறது, மதுரையில்தான் அந்தக் கம்பெனிக்கு ரிப்பேர் பார்க்கிற ஆள் இருக்கிறானாம். "என்னண்ணாச்சி, போனை இந்தத் தேய் தேய்க்கிறீக, பூதம் எதுவும் வரணுமா?" என்றார்கள். சிரித்தேன். சிரித்தேனா, பல்லைக் காட்டினேனா, தெரியவில்லை.

என்ன விட்டுப்போயிருக்கும். ஏதோ விட்டுப்போயிருக்கிறது. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் வருகிற சந்தேகம் இல்லை இது, பூட்டியது தெரிகிறது, சாவி கையில் இருக்கிறது, ஆனால் பூட்டியது யார் வீட்டை என்கிற மாதிரி ஒரு சந்தேகம். ஒவ்வொன்றாக வருவோம். புத்தகத்தை வலைப்பக்கத்துக்குள் உட்கார வைப்பது என்பது சுவரில் ஜன்னல் வெட்டுகிற வேலை. எம்பெட் கோடு என்று நாலு வரி. சுவர் அவர்களுடையது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புத்தகம். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அச்சகத்தில் பிளேட் தயாராகிற நேரத்தில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே சத்தமில்லாமல் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன், பேசுகிறவனின் குரலையே கேட்டதில்லை, அவன் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். முதலில் ஜன்னலுக்கு அறுநூறு என்று அகலம் கொடுத்திருந்தேன், செவ்வாய்க்கிழமை பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் பார்த்தால் ராஜா மாதிரி இருந்தது, இடது பக்கம் முகம், வலது பக்கம் கடிதம், ஜோடி ஜோடியாக. புதன்கிழமை பெர்னதெத் மேடம் போன். "சார், கம்ப்யூட்டர்ல நல்லா இருக்கு, போன்ல எல்லாரும் பாதி முகத்தோட நிக்கிறாங்க சார். ஒரு அம்மா அழுதுட்டாங்க, எம் மகனை இன்னொரு தடவை வெட்டிட்டீங்களேன்னு." அந்த வார்த்தை. நான் வெட்டவில்லை அம்மா, அகலம்தான் அப்படி. அறுநூறை எடுத்துவிட்டு நூறு சதம் என்று போட்டேன், எந்தச் சுவரோ அந்தச் சுவரின் முழு அகலம், உயரமும் அதற்கு ஏற்ப. போனில் ஒரு பக்கமாகத் தெரியும், கம்ப்யூட்டரில் இரண்டு பக்கமாக விரியும். அதோடு முடிந்திருக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் மறுபடி போன், கடைசியில் இருந்த ஒரு டாக்டரின் வாழ்த்துச் செய்தி வேண்டாமாம், அவரே எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். எடுத்தேன். நாற்பத்து நாலு பக்கம் நாற்பத்து மூன்றாயிற்று. நாற்பத்து மூன்று. இருபத்தேழு வருஷம் அச்சகத்தில் இருந்தவனுக்கு நாற்பத்து மூன்று என்று ஒரு புத்தகம் கிடையாது. தாளை மடித்தால் நாலு, எட்டு, பதினாறு. நாலில் அடங்காத புத்தகத்தைத் தைக்கவும் முடியாது, மூடவும் முடியாது. ஒரு பக்கம் குறைந்தால் ஒரு வெள்ளை போடு. கை அதுவாகப் போட்டது, முன்னட்டைக்குப் பின்னால், அட்டையின் உட்பக்கம் வெள்ளையாக இருந்தால்தான் புத்தகத்துக்கு லட்சணம். நாற்பத்து நாலு. அப்பாடா என்று இருந்தது. அச்சகத்து கம்ப்யூட்டரில் நெட் கிடையாது, பசங்கள் படம் பார்ப்பார்கள் என்று முதலாளி பிடுங்கிவிட்டார், பென் டிரைவை வயரில் போனோடு சொருகி போனிலிருந்தே ஏற்றினேன். போனிலேயே பார்த்தேன். குறை சொன்னது போனுக்குத்தானே.

இவ்வளவு வருஷம் எத்தனை பேர் வீட்டு முகத்தை அச்சாக்கியிருப்பேன், கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள், ஒன்றும் கையைச் சுட்டதில்லை. இந்த இருபதில் ஏழாவது கனகமணி. என் மனைவி கனகமணி. மஞ்சள் சேலை, ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினது, அதனால் முறைக்கிற மாதிரி இருக்கிறாள். அவளும் இந்தத் தொழில்தான், நோட்டு பைண்டிங்கில் தாள் மடிப்பாள், கட்டைவிரல் நகம் தேய்ந்து தட்டையாக இருக்கும். "எண்ணாதீரும், நாலு நாலா எண்ணியே ஒரு நாளைக்குச் சாகப்போறீரு" என்பாள். எண்ணாமல் அவள்தான் போனாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கிளிப்பை வாயில் வைத்தபடி, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். மூளை இல்லை, இதயம் ஓடுகிறது என்றார்கள். இப்போது நினைத்தாலும் அந்த வாக்கியம் விளங்குவதில்லை. கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். கொடுக்கலாம் என்று தோன்றியது, அது நிஜமாகவே தோன்றியது, அதில் எனக்கு இன்றுவரை மறுப்பில்லை. மகள் சுகந்தி திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை, செய்தி கேட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நாலு மணிக்குப் போன் போட்டாள். "அப்பா, திண்டுக்கல் தாண்டிட்டேன், வந்துட்டே இருக்கேன், அம்மாவ எங்கயும் கொண்டுபோயிர வேண்டாம்னு சொல்லுங்க." சரிம்மா என்றேன். நாலு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஐந்தே முக்காலுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தபோது தியேட்டர் கதவு மூடி சிவப்பு லைட் எரிந்தது. "சூடா இருக்கும்போது ஒரு தடவை கையப் பிடிச்சிருப்பேனேப்பா" என்றாள். அவசரம்மா, டாக்டருக அவசரப்படுத்தினாங்க என்றேன். அவசரம். அந்த வார்த்தையை நான் எல்லோரிடமும் சொன்னேன், அண்ணனிடம், அச்சகத்தில், பதினாறாம் நாள் வந்தவர்களிடம், சொல்லிச் சொல்லி அதற்கு நல்ல பளபளப்பு வந்துவிட்டது. டாக்டர் சொன்னது வேறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பொறுமையாக, "ஆறு மணி வரைக்கும் காத்திருக்கலாங்க, உங்க பொண்ணு வரட்டும்" என்று சொன்னார். ஆறு மணி வரைக்கும். அந்த ஆறு மணியை நான் யாருக்கும் காட்டியதில்லை. சுகந்திக்கு என்ன தெரிந்ததோ, என்ன மோப்பம் பிடித்தாளோ, வருஷத் திதிக்கு வந்தவள் சமையலறையில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், நிஜமாவே அவசரமாப்பா? ஆமா என்றேன். அதற்குப் பிறகு பதினாலு மாதம், ஒரு போன் இல்லை.

அந்தக் கடிதம் வேறு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுத வேண்டும், உறுப்பைப் பெற்றவருக்கு. பெயர் இருக்கக் கூடாது, ஊர் இருக்கக் கூடாது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரை ஒருவர் தேடிப் போகக் கூடாது என்று அறக்கட்டளையின் விதி. முகத்துக்குக் கீழேதான் பெயர், கடிதத்தில் கிடையாது. நான் என்ன எழுதினேன். 'உறுப்பு தானம் செய்வோம், உயிர்களைக் காப்போம். எனது துணைவியாரைப் போல் அனைவரும் முன்வர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.' முடிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. மற்றவர்கள் கடிதத்தை எல்லாம் நானேதான் எழுத்துக் கோத்தேன், ஒவ்வொருத்தரும் எப்படி எழுதியிருக்கிறார்கள். எனக்கு முந்தின ஆள், ஆறாவது, ராஜபாளையத்துக்காரர், கோதண்டராம ராஜா, மாவரைக்கிற கடை வைத்திருப்பவர், அவர் மனைவிக்காக எழுதிய கடிதத்தை அடித்து முடித்துவிட்டு மெஷின் ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். 'பெற்ற பிள்ளையைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். கேட்டிருக்க வேண்டும். தைரியசாலி போல நடந்துகொண்டேன், அது தைரியம் இல்லை. மன்னிப்பு எல்லாம் பெரிய வார்த்தை. சாப்பிட்டீர்களா என்று பிள்ளை ஒரு போன் போட்டால் போதும்.' மாவரைக்கிறவருக்கு வருகிறது. எழுத்தோடே கிடந்தவனுக்கு வரவில்லை. இன்று அவரும் வருவார். வெள்ளை வேட்டி கட்டி முன் வரிசையில் உட்காருவார். நான் அவர் பக்கம் பார்க்கக் கூடாது, பார்த்தால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் என்று உளறிவிடுவேன். விருதுநகர் வந்துவிட்டது. பஸ் நிற்கிறது. வெள்ளரிக்காய் ஜன்னலுக்கு வெளியே ஆடுகிறது. நான் மறுபடி திறந்தேன், இந்த முறை பதினைந்தாம் பக்கத்தில் நேராகத் திறக்கிற லிங்க்கை, கனகமணியின் பக்கம், லிங்க்கின் வாலில் பக்க எண்ணைச் சேர்த்தால் அங்கேயே திறக்கும், வீடியோக்காரன் கையைப் பார்த்துக் கற்ற இன்னொரு வித்தை. அதே லிங்க்கைத்தான் காலை ஐந்து மணிக்கு சுகந்திக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அம்மா என்று ஒரு வார்த்தையாவது போட்டிருக்கலாம். வெறும் லிங்க், ஏதோ லோன் கம்பெனிக்காரன் அனுப்புகிற மாதிரி. இரண்டு டிக் விழுந்தது. நீலம் ஆகவில்லை. இப்போது பார்த்தால் நீலம். எட்டு முப்பத்தெட்டுக்கு நீலம். பார்த்திருக்கிறாள். ஆபீஸுக்கு வந்ததும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு என் துணைவியாரையும் கேட்டுக்கொள்கிறேனையும் படித்திருக்கிறாள், படித்துவிட்டு, இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று மூடியிருக்கிறாள். பஸ் கிளம்பியது. போன் அடித்தது. சுகந்தி என்று எழுத்து. அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எடுங்கண்ணாச்சி, பூதம்தான்" என்றார்கள் மிக்ஸி அம்மா.

எடுத்தேன். முதலில் இரைச்சல், தையல் மெஷின்கள் நூறு ஒன்றாக ஓடுகிற இரைச்சல், பிறகு ஒரு கதவு மூடியது, இரைச்சல் தள்ளிப்போனது. "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். பதினாலு மாதம் கழித்து முதல் வார்த்தை. "ம்... ஆச்சு, டீ குடிச்சேன்" என்றேன். டீயைச் சாப்பாடு என்று சொல்கிறேனே என்று அப்போதும் ஒரு மூலையில் ஓடியது. "டீ சாப்பாடாப்பா?" என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஆபீஸ் மானிட்டர்ல பெருசா திறந்துச்சு. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நீங்க. சத்தியமா எதிர்பார்க்கலப்பா. தைரியசாலி மாதிரி நடந்தேன், அது தைரியம் இல்லன்னு எழுதியிருந்தீங்கல்ல. அந்த ஒரு வரி போதும்பா எனக்கு. சாயங்காலம் பஸ் ஏறுறேன். ராத்திரி வந்திருவேன், நீங்க லீவு போடுங்க." நான் ம் என்றேன். அவள் இன்னும் ஏதோ சொன்னாள், அம்மா போட்டோவில் முறைக்கிறாள் என்றோ என்னவோ, நான் ம் என்றேன். வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். வெளியே கருவேலங்காடு ஓடுகிறது, ஒரு சிமெண்ட் லாரி, ஒரு பாலம், மறுபடி கருவேலம். சந்தோஷம் வருவதற்கு முன்னால் கணக்கு வந்துவிட்டது, இத்தனை வருஷம் பக்கம் எண்ணின மூளை, அதற்கு இரக்கம் கிடையாது. அது நான் எழுதிய வரி இல்லை. மாவரைக்கிறவர் வரி. மானிட்டரில் பெரிதாகத் திறந்தது. ஒரு பக்கம் அம்மா. போனில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் டெஸ்க்டாப் சைட் என்று ஒன்று உண்டு, போனே கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும். தொட்டேன். வட்டம் சுற்றியது. இரண்டு பக்கமாக விரிந்தது, எறும்பு எழுத்தில். இடது பக்கம் ராஜாவின் கடிதம். வலது பக்கம் கனகமணி, முறைத்தபடி. தள்ளினேன். இடது பக்கம் என் கேட்டுக்கொள்கிறேன், வலது பக்கம் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன், பைக்மேல் சாய்ந்து சிரிக்கிறான். பின்னால் வந்தேன். எல்லாம். இருபதும். ஒரு வெள்ளைப் பக்கம் முன்னால் நுழைந்து எல்லோரையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது, ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் முந்தின வீட்டுக் கடிதம். போனில் ஒவ்வொன்றாக வருவதால் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தெரியும். பெரிய திரையில் சுவர் உயரத்துக்குத் தெரியும். கனகமணி இருந்தால் கையில் வாங்கின உடனே சொல்லியிருப்பாள், பக்கம் மாறியிருக்குய்யா என்று, தாளைப் பிரிக்காமலே, விரலிலேயே.

கை அதுவாகப் போட்டது என்றேனே. அதுவாகத்தான் போட்டதா. எனக்கு முந்தினது அந்தக் கடிதம் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் தள்ளினால் அது எங்கே வந்து உட்காரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இல்லை, இல்லை, நாற்பத்து மூன்றுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. கடைசியில் போட்டிருக்கலாமே வெள்ளையை, பின்னட்டைக்கு முன்னால், முன்னால் ஏன். லட்சணம் என்றாய். என்ன லட்சணம். மணி எட்டு ஐம்பத்தைந்து. இது போனிலேயே சரியாகிவிடும், எம்பெட் கோட்டைத் தொடவே வேண்டாம், ஜன்னல் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிற புத்தகத்தில் இரண்டாம் பக்கத்தை நீக்கி அப்டேட் கொடுத்தால் போதும், நாலு நிமிஷ வேலை. நாலு நிமிஷம் கழித்து சுகந்தி மறுபடி திறந்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் அனைவரும் முன்வர வேண்டுமாய் நான் நிற்பேன். மதியம் சாப்பிடும்போது கட்டாயம் திறப்பாள், பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குக் காட்டுவாள், எங்கப்பா எழுதினது பாரு. அப்படியே விட்டுவிட்டால்? பத்தரைக்குத் திரையில் ராஜாவின் மனைவிக்குப் பக்கத்தில் எவனோ எழுதியது, அவர் கடிதம் என் மனைவிக்குப் பக்கத்தில், அவர் எழுந்து நின்று, சார் சார் என்று கையை ஆட்டி... பெர்னதெத் மேடம் முகம்... அந்த அம்மா, மகனை இன்னொரு தடவை வெட்டிட்டீங்களே என்று அழுத அம்மா, எட்டாவது குடும்பம் அவர்கள்தான், பைக்மேல் சாய்ந்த பையனின் அம்மா, அவன் சிரிப்புக்குப் பக்கத்தில் என்னுடைய துணைவியார். முடியாது. இன்னொரு வழி இருக்கிறது. இருக்கிறதே. வெள்ளையை நீக்கிவிட்டு என் பக்கத்தையும் நீக்கி, அந்த இடத்தில் ராஜாவின் பக்கத்துக்கு ஒரு காப்பி போட்டால். இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதக் கூடாதா. இரண்டு பேர் வீட்டிலும் ஒரே சாவுதானே. காப்பி என்று ஒரு பட்டன் உண்டு, எனக்கு அது எங்கே என்று தெரியும், பார்க்காமலே என் கட்டைவிரல் அங்கே போய் நின்றது. ராஜா பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார், அந்த மாதிரி மனுஷன், வேட்டியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்ப்பார், பாவம் என்று நினைப்பார். அந்தப் பாவத்தை நான் எங்கே வைப்பேன். "ஏண்ணாச்சி, இப்பிடி வேர்க்குது? வீட்ல எதுவும் துஷ்டியா, யாரும் தவறிட்டாகளா?" மிக்ஸி அம்மா. "இல்லக்கா. மக பேசினா." "அதுக்கா வேர்க்குது? எம் மக பேசினா எனக்குக் காதுதான் வலிக்கும்." கள்ளிக்குடி வந்தது. சிக்னல் போனது. ஒரு கோடுகூட இல்லை. போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், யாருக்கோ டாட்டா காட்டுகிற மாதிரி. கண்டக்டர் கத்தினார், "கையை உள்ள வைங்கண்ணாச்சி, போன் போனாலும் பரவால்ல, கை போனா டிக்கெட் போட்ட எனக்குத்தான் பாடு." பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நான் கையை உள்ளே எடுத்தேன். சிக்னல் இல்லாத அந்த ஏழெட்டு நிமிஷம் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என்னால் எதுவும் செய்ய முடியாது, யாரும் என்னைக் கேட்க முடியாது. அன்றைக்கும் அந்த வராந்தாவில் இப்படி ஒரு ஏழு நிமிஷம் கிடைத்திருந்தால், பேனாவில் மை இல்லாமல் போயிருந்தால், அந்தப் படிவம் கிடைக்காமல் போயிருந்தால், ஐந்தே முக்கால் வந்திருக்கும், அவள் வந்திருப்பாள். பேனா நன்றாக எழுதியது.

திருமங்கலத்தில் சிக்னல் வந்தது, மூன்று கோடு. பாஸ்வேர்ட் தப்பு என்றது. மறுபடி அடித்தேன். கனகமணியின் பெயரும் சுகந்தி பிறந்த வருஷமும், அதைக்கூடத் தப்பாக அடிக்கிறேன். திறந்தது. நாற்பத்து நாலு பக்கமும் தீப்பெட்டி அளவில் வரிசையாக நின்றன. இரண்டாவது வெள்ளை. தொட்டேன். நீக்கவா என்று கேட்டது. ஆறு மணி வரைக்கும் காத்திருக்கலாங்க. நீக்கு. மொத்தம் நாற்பத்து மூன்று என்று மேலே மாறியது, பார்க்கவே பல் கூசியது, முடியாத வாக்கியம் மாதிரி. அப்டேட். வட்டம். கப்பலூர் டோல்கேட்டில் வரிசையில் நிற்கிறோம், வட்டம் சுற்றுகிறது, முன்னால் ஒரு கார்க்காரன் டோல்காரனோடு சண்டை போடுகிறான், சுற்றுகிறது, முடிந்தது. டெஸ்க்டாப் சைட். இடது பக்கம் கனகமணி, வலது பக்கம் கேட்டுக்கொள்கிறேன். ராஜாவின் மனைவி ராஜாவிடம் போய்விட்டார். பைக் பையன் அவன் அம்மாவிடம். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் வாசலில் நிற்கிறேன். ஒன்பது இருபத்தாறு. சும்மா இருந்தால் மதியம் வரை இருக்கலாம். மதியம் வரை எனக்கு மகள் உண்டு. ராத்திரி வந்து கதவைத் தட்டுகிறவரைகூட இருக்கலாம், அவள் மறுபடி திறக்காமலே போகலாம், வேலை அதிகமாக இருக்கலாம், அங்கே நெட் போகலாம். ஆறு மணி வரைக்கும். இப்படித்தான் அன்றைக்கும் ஒவ்வொரு நிமிஷமாக எண்ணினேன், இந்தப் பக்கமாக இல்லை, அந்தப் பக்கமாக, அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று. ரிங் ரோடு முழுக்க விரல் சுகந்தி என்கிற பெயரின் மேலேயே நின்றது. அடித்தேன்.

"என்னப்பா, லீவு சொல்லிட்டீங்களா?" குரலில் அத்தனை லேசு, சின்ன வயசில் நோட்டுக் கட்டுகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டுகிற குரல். "சுகந்தி, மானிட்டர்ல அது திறந்திருக்கா?" "மூடல இன்னும்." "ஒரு தடவை ரிப்ரெஷ் பண்ணு." "எதுக்கு?" "பண்ணும்மா." கீபோர்டு தட்டுகிற சத்தம். அவளுடைய வட்டம் சுற்றுவது எனக்குத் தெரிந்தது, பார்க்கிற மாதிரி தெரிந்தது. பிறகு அவள் வாய்விட்டுப் படித்தாள். "உறுப்பு தானம் செய்வோம், உயிர்களை... என்னப்பா இது? கார்ப்பரேஷன் போர்டு மாதிரி இருக்கு. அந்த லெட்டர் எங்க?" "அதுதான் நான் எழுதினது." "காலையில படிச்சது?" "அது வேற ஒருத்தர். ராஜபாளையம். அவரு சம்சாரத்துக்காக எழுதினது. பக்கம் மாறிப்போச்சும்மா, நான்தான் மாத்திட்டேன், முன்னட்டைக்குப் பின்னாடி ஒரு வெள்ளை போட்டேன், அதுல எல்லாம் ஒண்ணு தள்ளிப்போச்சு." மெதுவாக, "நாலுக்காகவா?" என்றாள். நாலுக்காகத்தான் என்றேன். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல எனக்குக் காது போதாது. "அப்ப நீங்க அப்படி நினைக்கவே இல்ல. நீங்க நினைச்சது இந்த போர்டுதான்." "நினைச்சேன். எழுத வரல." "எழுத வேண்டாம்ப்பா. எழுதி என்ன, அதையும் யார் பக்கத்துலயாவது வச்சிருவீங்க. சொல்லுங்க." பஸ் மாட்டுத்தாவணிக்குள் திரும்பியது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், மிக்ஸி அம்மா வயரைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்ட முடியாமல் நின்றார்கள், நான் காலை ஒடுக்கினேன், போகிறபோது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள், ஏன் என்று தெரியாது. கண்டக்டர் ஏதோ சொன்னார். பஸ் காலியாயிற்று. "நீ நாலு மணிக்கு போன் போட்ட" என்றேன். "திண்டுக்கல் தாண்டிட்டேன்னு சொன்ன." "ஆமா" என்றாள். "டாக்டர் அவசரப்படுத்தல. ஆறு மணி வரைக்கும் காத்திருக்கலாம்னுதான் சொன்னாரு. எங்கிட்டதான் சொன்னாரு." மெஷின்கள் தள்ளி எங்கேயோ ஓடுகின்றன. வைத்துவிட்டாளா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. மூன்று நிமிஷம் முப்பத்தெட்டு நொடி, முப்பத்தொன்பது, நாற்பது, ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க மாட்டாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. இன்னும் இரண்டு நொடி பொறுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று என் மண்டைக்குள் ஒருவன் சொன்னான். நாற்பத்து மூன்று. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துச் சொன்னேன். "முன்னாடியே கையெழுத்துப் போட்டது, நீ வந்து வேண்டாம்னு சொல்லிருவியோன்னு இல்லம்மா. உன் மொகத்தப் பார்க்கப் பயந்தேன்."